முதுகைக் காட்டும் கண்ணாடிகள்

1

இந்தக் கதை ஓர் அற்பச் சந்தேகத்தில் பிறந்தது. பெரிய துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் எனக்கு மதிப்பு கூடும். ஆனால் நடந்தது வேறு. கீறல் விழுந்த கண்ணாடியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான்.

என் அலமாரிக் கதவில் இருந்த கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. புதிதாக ஒன்று வெட்டி வாங்கலாம் என்று போனேன். வண்டி பழுது பார்க்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நீளமான கொட்டகை. உள்ளே கம்பளம் விரித்த பெரிய மேசை. மூன்று சுவர்களிலும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாமே சுவரைப் பார்த்தபடி நின்றன. முகம் பார்க்கிற பொருளை விற்கிற கடையில் என் முகம் எங்குமே தெரியவில்லை. வரிசையாகச் சாம்பல் நிற முதுகுகள்தான் தெரிந்தன.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்" என்றேன்.

"அளவு சொல்லுங்க சார். வெட்டினப்புறம் காட்டுறேன்" என்றார் கடைக்காரப் பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். கையில் தோல் உறை போட்டிருந்தார்.

"பார்க்காம எப்படி வாங்குறது?"

"பார்த்து என்ன செய்யப் போறீங்க? எல்லாத்துலயும் நீங்கதான் தெரிவீங்க."

நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதில் சொல்லும் கடைக்காரர்களிடம் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். அவர் அளவு நாடாவை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்த கண்ணாடி ஒன்றை மெல்ல என் பக்கம் திருப்பினேன். வாசல் வெயில் அதில் பட்டுக் கொட்டகை முழுக்கப் பாய்ந்தது.

"ஐயோ, திருப்பாதீங்க! தம்பிக்குக் கண்ணு கூசும்!"

சுற்றிலும் பார்த்தேன். எங்கள் இருவரையும் தவிர அங்கே யாரும் இல்லை.

2

முதல் வரிக்காக நான் செய்த முயற்சிகளை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

"மூளைக்காய்ச்சல் என்பது மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி தொற்றுவதால்" — பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.

"தம்பி இறந்த அன்று அவள்" — இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே துக்க முகம் வைத்துக்கொள்வீர்கள். இறந்தவன் நல்ல கேலிக்காரன். அவனுக்கே அது பிடித்திருக்காது.

"தன் தம்பியைக் கொன்றது அவன் பொண்டாட்டிதான் என்று ஒரு பெண் நம்பினாள்" — இந்த வரி விலைபோகும். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். ஆனால் நடந்ததற்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் இதுதான். என்ன செய்வது என்று தெரியாமல்தான் மேலே என் சொந்த அலமாரியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

3

ஆட்கள் மூவர். கடைக்காரப் பெண்மணிக்கு அந்தத் தெருவில் கண்ணாடிக்கா என்று பெயர்.* அவள் தம்பிக்கு வீட்டில் குட்டி என்று பெயர். ஆள் ஆறடி. மூன்றாவது ஆள் குட்டியின் மனைவி. கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை.

(* கடையில் நின்று பேசும்போது 'அவர்' என்றுதான் சொன்னேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 'அவர்' என்றால் எட்டி நிற்கிறார், தலைக்குள் புக விடமாட்டேன் என்கிறார்.)

இனி அவர்களுடைய வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது. சின்னக் கண்ணாடிகளை ஒரே ஆள் தூக்கலாம், வெட்டலாம். முழுக் கண்ணாடி அப்படி இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அடுக்கிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். முனைக்கு ஒருவர், அதுவும் ஆளுக்கு ஒரு பக்கத்தில். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, நடுவில் முதுகுப்பூச்சு மறைக்கும். அதனால் வாயால்தான் வேலை. தூக்குகிறவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்பார். மறுமுனையில் இருப்பவர் "பிடிச்சாச்சு" என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. அப்பா காலத்திலிருந்து அந்தக் கொட்டகையின் சட்டம் இது. அக்காவும் தம்பியும் பேசாமல் இருந்த நாட்களில்கூட இந்த இரண்டு சொற்களை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கடைக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. நாள் முழுக்க வெயிலில் கண்ணாடியோடு புழங்கினால் சில நாள் தலை பிளக்கும், வெளிச்சம் ஆகாது. "வெள்ளி ஏறிடுச்சு" என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய வெள்ளி கண் வழியாகத் தலைக்கு ஏறிவிட்டதாம். மருந்தெல்லாம் கிடையாது. கண்ணாடிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு ஒரு நாள் தூங்க வேண்டும், சரியாகிவிடும். கண்ணாடிக்காவுக்கே எத்தனையோ தடவை வந்து சரியாகியிருக்கிறது.

இப்போதே உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

4

அன்று காலை குட்டி ஜலதோஷத்தோடு வந்தான். வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினான்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்சே வர்றே?" என்றாள் அக்கா.

"வெள்ளி ஏறிடுச்சுக்கா."

அவளுக்குச் சந்தேகம் வந்தது. (அவள் இப்படிச் சொல்லவில்லை. "சும்மா இருந்தேன்" என்றுதான் சொன்னாள். சும்மா இருந்த ஒருத்தி இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பாளா?) அவளது சந்தேகம் உடம்பைப் பற்றியதல்ல. தம்பி பொண்டாட்டி அவனைக் கடையிலிருந்து இழுக்கப் பார்க்கிறாள் என்று அவள் பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கூரியர் அலுவலகத்தில் மேலாளர் நல்லவர், நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரலாம் என்று அந்தப் பெண் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லப்போக, அதிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை. இப்போது தலைவலி என்கிறான். நாளைக்கு இந்த வேலையே ஆகாது என்பான். யார் சொல்லிக் கொடுத்த பாடம் என்று தெரியாதா?

ஆனாலும் கண்ணாடிகளைத் திருப்பி வைத்தாள். ஒவ்வொன்றாக, மூன்று சுவரிலும். கோபம் இருந்தால்கூடச் செய்ய வேண்டியதைச் செய்கிற ஆள் அவள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கும்போது கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினான்.

"கழுத்து என்னடா?"

"பிடிச்சுக்கிச்சு. நேத்து தூக்கினது."

ஒரு துணிக்கடைக்கு முழுக் கண்ணாடி ஒன்று அன்றே போக வேண்டியிருந்தது. அடுக்கிலிருந்து எடுத்தார்கள்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

அவள் நகர்ந்தாள். அவன் பிடித்திருக்கவில்லை. மறுமுனை தரையில் இறங்கி, முழுக் கண்ணாடியும் சரிந்து உடைந்தது. இத்தனை வருடத்தில் அவன் உடைத்த முதல் கண்ணாடி அது. அடிபடவில்லை. அவன் உடைந்த துண்டுகளைப் பார்த்தபடி, யாரோ வேறு ஆள் செய்ததைப் போல நின்றான்.

"கவனம் எங்கே இருக்கு உனக்கு? போ, வீட்டுக்குப் போ. அவகிட்டயே போ!"

அவன் போனான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் இறந்துபோனான்.

4 (மறுபடியும்)

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். "அவகிட்டயே போ" என்பது எனக்கு உறுத்துகிறது. நிஜத்தில் யாரும் கடைசி வார்த்தையை இவ்வளவு பொருத்தமாகப் பேசுவதில்லை. கண்ணாடிக்காவிடமே கேட்டேன்.

"அப்படித்தான் சொன்னீங்களா?"

"வேற எப்படிச் சொல்லுவேன்? அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன்.

5

என் கண்ணாடி வெட்டப்படவில்லை. அலமாரி உயரத்துக்கு முழுக் கண்ணாடியிலிருந்துதான் வெட்ட வேண்டும். மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. குட்டி போன பிறகு அவள் குளியலறைக் கண்ணாடி, கைக்கண்ணாடி என்று தனியாகத் தூக்க முடிந்ததை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தாள். "நான் பிடிக்கிறேனே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேனா பிடிக்கிற கை. உங்களை நம்பி நான் எப்படி நகர்றது?" என்றாள்.

அதனால் நான் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பதில் கதைதான் கிடைத்தது. போகப் போக ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் குற்றவாளி மாறினார்.

முதல் தடவை, முகத்துக்கு நேராக இருமிவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர். அடுத்த தடவை, ஜலதோஷ மாத்திரை கொடுத்த மருந்துக்கடைக்காரர். அதற்கடுத்து, மூளைக்காய்ச்சல் என்று சொன்ன மருத்துவமனையின் பெரிய டாக்டர். அவரிடம் அவள் நேராகவே கேட்டிருக்கிறாள், முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று. அவர் சொன்னது: "உறுதியா சொல்ல முடியாதும்மா. சிலருக்கு இது ரொம்ப வேகமாப் போயிடும். முன்னாடி வந்திருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கும்." இதில் அவள் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

பிறகு எல்லாச் சாலையும் ஒரே இடத்துக்கு வந்தது.

"ராத்திரி பூரா பக்கத்துல இருந்தவ அவ. அவளுக்குத் தெரியாதா? ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல? எதையோ மறைக்கிறா சார். நீங்க எழுதுறவராமே, எழுதுங்க. அவதான் காரணம்னு எழுதுங்க."

"அது உண்மையா?"

"அச்சுல வந்தா உண்மைதானே."

என் தொழிலைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் விழுந்திருந்தது. பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. வெள்ளி என்று கண்ணாடியைத் திருப்பி வைத்தவள், வீட்டுக்குப் போ என்று அனுப்பியவள். அந்தப் பெயரை யாராவது சொல்லிவிடுவதற்குள் இன்னொருத்தியின் பெயரை அச்சில் ஏற்றிவிடத் துடிக்கிறாள் என்று நினைத்தேன். பாவம் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது.

இந்த இடத்தில் கதை நின்றுபோயிற்று. குட்டியின் மனைவியை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்தியைக் குற்றவாளியாகவும் எழுத முடியவில்லை, அப்பாவியாகவும் எழுத முடியவில்லை.

7

(ஆறாவது பகுதியில் அவளைக் கற்பனையாக வரவழைத்து அழ வைத்திருந்தேன். அடுத்த நாளே அவள் நிஜமாக வந்துவிட்டாள், அழவும் இல்லை. அதனால் அந்தப் பகுதியைக் கிழித்துப்போட்டேன்.)

நான் கடையில் இருந்தேன். முற்பகல் வெயில். ஒல்லியான பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கூரியர் சட்டை. கையில் அவளுடைய கைக்குப் பொருந்தாத பெரிய தோல் உறைகள். கண்ணாடிக்கா முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த உறைகளைத்தான் பார்த்தாள்.

"எதுக்கு வந்தே?"

"அலமாரிக் கண்ணாடி ஒண்ணு வெட்டாம கிடக்காமே. ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னாரு."

"அதுக்கு?"

"மறுமுனைக்கு ஆள் வேணும்ல அண்ணி."

"உங்கூட நான் கண்ணாடி தூக்கணுமா?" என்றாள் கண்ணாடிக்கா. பிறகு நான் ஒருவன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். "முதல்ல ஒண்ணு சொல்லு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து உங்கிட்ட என்ன சொன்னான்?"

"வெள்ளி ஏறிடுச்சுன்னாரு. அக்கா பார்த்துட்டாங்க, கண்ணாடியெல்லாம் திருப்பி வெச்சுட்டாங்க, தூங்கினா போயிடும்னாரு. நீங்களே பார்த்துட்டீங்களே, எனக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன். காய்ச்சல் கொதிச்சுது. ஜலதோஷக் காய்ச்சல்தானேன்னு நெனச்சேன்."

"காய்ச்சலா? எங்கிட்ட காய்ச்சல்னு சொல்லவே இல்லையே! கழுத்தைத் திருப்ப முடியலையே, அதைச் சொன்னானா?"

"கழுத்தா?" அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "கழுத்து பத்தி எனக்குத் தெரியாதே. வந்ததும் படுத்துட்டாரு."

கழுத்து கடையில் தங்கிவிட்டது. காய்ச்சல் வீட்டில் தங்கிவிட்டது. இரண்டையும் ஒரே ஆள் பார்த்திருந்தால், ஒருவேளை—

(இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். ஒரு கதாசிரியனுக்கு இவ்வளவு வசதியாக ஒரு நோய் தன் அறிகுறிகளைப் பங்கு பிரித்துத் தருமா? நான் பக்கத்தில் நின்று காதால் கேட்டதுதான், இருந்தும் நம்ப முடியவில்லை. டாக்டர் சொன்ன முதல் வாக்கியத்தையும் நீங்கள் மறக்க வேண்டாம்.)

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள் கண்ணாடிக்கா.

"பண்ணியிருந்தா எடுத்திருப்பீங்களா அண்ணி?"

கண்ணாடிக்கா மேசைமேல் கிடந்த தன் போனைப் பார்த்தாள். எடுத்திருக்கமாட்டாள். அந்தப் பெயர் திரையில் வந்தால் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பது அவள் வழக்கம். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"உங்களையும் நான் சும்மா விடல" என்றாள் அந்தப் பெண். "உங்க அக்கா கடையில என்ன செஞ்சாங்க, எதை மறைக்கிறாங்கன்னு அவரு போட்டோவைப் பார்த்துத் தினமும் கேக்குறேன். ஒரு வார்த்தை புரியாம அலையுறேன். காலையில உளற ஆரம்பிச்சாரு. பிடிச்சாச்சு, பிடிச்சாச்சுன்னு. ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் அதேதான். நான் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், அதைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். ஆனா என்னைப் பார்த்துச் சொல்லல. யாரோ கேட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி பதில் சொன்னாரு. எதை அண்ணி பிடிச்சாரு?"

கண்ணாடிக்கா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி உடைந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"பிடிக்கலம்மா" என்றாள். "பிடிச்சாச்சுன்னான். ஆனா பிடிக்கல." சொல்லிவிட்டு, தம்பி இறந்த பிறகு எங்கும் அழாத அழுகையை அந்தக் கம்பளத்தின் மேல் குனிந்து அழுதாள். அந்தப் பெண் பக்கத்தில் போகவில்லை. தொடவும் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள், கிளம்பிப் போய்விடவில்லை.

8

முடிவுகள்.

அ) இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கண்ணாடிகள் எல்லாம் முகம் திரும்புகின்றன, வெளிச்சம் பாய்கிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதனால்தான் நம்பவில்லை.

ஆ) கண்ணாடிக்கா அவளை வெளியே போகச் சொல்கிறாள். என் அலமாரி கறுத்த கண்ணாடியோடேயே இருக்கிறது. இதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். இதை எழுதும்போது எனக்கு ஒரு குரூரமான திருப்தி வந்தது. அதையும் நம்பவில்லை.

இ) இருவரும் சேர்ந்து என்னைச் சந்தேகிக்கிறார்கள். இது உண்மையிலேயே கொஞ்சம் நடந்தது. "இவரு யாரு அண்ணி?" என்று அந்தப் பெண் கேட்டாள். "கண்ணாடி வாங்க வந்தவரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்காரு" என்றாள் கண்ணாடிக்கா. இருவரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடி அவர்கள் ஒரே வீட்டு ஆட்களாக இருந்தார்கள்.

பிறகு நடந்தது இது. கண்ணாடிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், முழுக் கண்ணாடி அடுக்கின் பக்கம் போனாள். தன் முனையைப் பிடித்தாள். அந்தப் பெண் மறுமுனைக்குப் போனாள். நடுவில் சாம்பல் நிற முதுகு. இப்போது ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

கண்ணாடிக்கா தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். அவள் மனதில் ஓடியதை நான் அறிவேன், இந்த ஒரு தடவை அடித்துச் சொல்கிறேன். இவளும் 'பிடிச்சாச்சு' என்பாள். அந்தக் குரலை நம்பி நான் நகர வேண்டும். எப்படி நகர்வேன்?

"பிடிச்சாச்சா?"

மறுபக்கம் உறை கண்ணாடியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவனுடைய உறைகள் அவளுக்குப் பெரிது. விரல் நுனிகள் வெறுமையாக மடங்கின. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. கண்ணாடிக்காவுக்குத் தெரியாது.

"பிடிச்சாச்சாம்மா?"

"இல்ல அண்ணி" என்றாள் அந்தப் பெண். "இன்னும் பிடிக்கல. வழுக்குது. கொஞ்சம் இருங்க."

கண்ணாடிக்கா இருந்தாள். பாரம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. ஆனால் அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. இத்தனை நாளில் அவள் நம்பிக் கேட்ட முதல் வார்த்தை அந்த 'இல்ல'தான்.

"மெதுவா, அவசரமில்ல" என்றாள். "பிடிச்சப்புறம் சொல்லு."

9

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

என் அலமாரிக் கதவில் இப்போது புதுக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்பீர்கள். சொன்னால் உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். அதோடு நீங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். அங்கே ஒருத்தி பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஆனால் என் கையை அவளும் நம்பவில்லை.

அதனால் மறுமுனையில் உங்களை நிறுத்துகிறேன். உறை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. கேள்வி மட்டும் கேட்கும். அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். பிடித்த பிறகு சொல்லுங்கள்.